வெப்சைட் உங்க கடைக்கு... டொமைன் யார் பேருல இருக்கு? சிறு வணிகர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

கடை பெயர், நாலு போட்டோ, போன் நம்பர், வழி காட்டும் மேப். பத்து நிமிடத்தில் ரெடியாகும் இலவச வெப்சைட். 2017-ல் கூகுள் இந்த வசதியைக் கொடுத்தபோது சிறு கடைக்காரர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும் அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புக்கிலும் அச்சடித்துக்கொண்டவர்கள் உண்டு.

2024 மார்ச்சில் கூகுள் அந்த வசதியையே மூடிவிட்டது. ஜூன் 10 வரை, பழைய முகவரியைத் தட்டியவர்கள் கடையின் கூகுள் புரொஃபைல் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அதற்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. அச்சடித்த கார்டு மட்டும் கையில் மிச்சம்.

இதில் கூகுளைக் குறை சொல்லவும் முடியாது. முகவரி அவர்களுடையது, கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். வெப்சைட் ஆரம்பிக்கும் வணிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்ல முடியும்? இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இது யார் பேருல இருக்கும்?

இன்ஸ்டா, வாட்ஸ்அப் இருக்கே... வெப்சைட் எதுக்கு?

நியாயமான கேள்விதான். தெருமுனை டீக்கடைக்கோ சலூனுக்கோ தனி வெப்சைட் அவசியமில்லை. கூகுள் மேப்பில் சரியான நேரமும் போன் நம்பரும் இருந்தாலே போதும். புதிய வாடிக்கையாளர்களைக் கூட்டி வருவதில் ஒரு நல்ல ரீல்ஸ் செய்யும் வேலையை வெப்சைட் செய்யாது என்பதும் உண்மை.

ஆனால், அந்த இடங்கள் எல்லாமே வாடகை இடங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்கு மத்திய அரசு தடை விதித்தபோது, டிக்டாக்கை நம்பி வியாபாரம் செய்தவர்கள் சேர்த்து வைத்திருந்த ஃபாலோயர்கள் அனைவரையும் ஒரே அறிவிப்பில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. ஆர்டர் வாங்குவது, பணம் கேட்பது, பதில் சொல்வது எல்லாமே ஒரே நிறுவனத்தின் ஆப்களில் நடந்ததால், அன்றைக்கு மாற்று வழி இல்லாமல் போனது.

இன்னொரு காரணம் நம்பிக்கை. தீபாவளி நெருங்கினாலே, 'பாதி விலைக்குப் பட்டாசு' என்று விளம்பரம் செய்து பணத்தைச் சுருட்டும் போலித் தளங்கள் முளைக்கின்றன. ஆன்லைனில் பட்டாசு விற்க 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்திருந்தும் இது தொடர்கிறது. இப்படி ஏமாந்தவர்களின் கதையைக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், வெளியூர் கடைக்குப் பணம் அனுப்பும் முன் 'இவங்க நிஜமா?' என்று தேடத்தான் செய்வார். அந்த நேரத்தில் கடையின் சொந்த முகவரி பேச வேண்டும்.

ரிசர்வ் வங்கியே இந்த வழியில்தான் யோசித்தது. போலித் தளங்களை மக்கள் பிரித்தறிய, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என உத்தரவிட்டது. முகவரியைப் பார்த்தே நம்பலாமா வேண்டாமா என முடிவெடுக்கும் பழக்கம் இனி கூடத்தான் செய்யும்.

டொமைன், ஹோஸ்டிங்: என்ன வித்தியாசம்?

டொமைன் என்பது முகவரி. ஹோஸ்டிங் என்பது உங்கள் பக்கங்கள், போட்டோக்கள் வைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர் இடம். இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. டிசைனையும் மாற்றலாம். முகவரி கை மாறினால்தான் சிக்கல். கார்டு, பை, ஜிஎஸ்டி பில், கூகுள் தேடல் என எல்லாம் அதை நோக்கியே இருக்கும்.

'டாட் இன்' முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. 'டாட் காம்' முகவரிகளுக்கு அமெரிக்காவின் வெரிசைன். நாம் நேரடியாக இவர்களிடம் வாங்க முடியாது. ரெஜிஸ்ட்ரார் எனப்படும் நிறுவனங்கள் வழியாகப் பதிய வேண்டும். பதியும்போது 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்குத்தான் உரிமை. வெப்சைட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை அந்தப் பதிவேடு பார்க்காது.

ஒரு விஷயம் கவனிக்கணும். இது நிலப்பட்டா மாதிரி நிரந்தரம் கிடையாது, குத்தகை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும். புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வரை உங்களுடையது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்குது?

பவானியில் ஜமுக்காளம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் மூலம் ஒரு டெவலப்பர் வருகிறார். "அண்ணே, டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நானே பாத்துக்கிறேன். நீங்க போட்டோ மட்டும் அனுப்புங்க" என்கிறார். கடைக்காரருக்கும் நிம்மதி. டெவலப்பர் தன்னுடைய அக்கவுன்ட்டில், தன் மெயில் ஐடி, தன் போன் நம்பர் கொடுத்து டொமைனை வாங்குகிறார்.

இதில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு முறையும் கடைக்காரருக்கு போன் செய்து ஓடிபி கேட்பதைவிட இது சுலபம், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து அவர் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம், நம்பரை மாற்றலாம், அல்லது பணம் தொடர்பாக மனக்கசப்பு வரலாம். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருடைய இன்பாக்ஸுக்குப் போகும். ஒருநாள் கடையின் வெப்சைட் திறக்காது. அன்றுதான் கடைக்காரர் முதல்முறையாக 'ரெஜிஸ்ட்ரார்' என்ற வார்த்தையைக் கேள்விப்படுவார்.

புதுப்பிக்க மறப்பது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' முகவரியைப் புதுப்பிக்கத் தவறியதால் ஹாட்மெயில் பயன்படுத்துவோர் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. லினக்ஸ் புரோகிராமர் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு நல்லவர் கிடைக்க மாட்டார். 'டாட் காம்' முகவரி காலாவதியானால், ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான வழியில் புதுப்பிக்கும் வாய்ப்பு இருக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அது பல ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். அதையும் விட்டால் ஐந்து நாளில் முகவரி பொதுச் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தப் பெயரில் சூதாட்டத் தளம் ஓடினாலும், பழைய பில்லைப் பார்த்து வரும் வாடிக்கையாளர் அதை உங்கள் கடை என்றே நினைப்பார்.

பெயர் கை விட்டுப் போனால் மீட்க முடியுமா?

முடியும், ஆனால் நேரமும் பணமும் செலவாகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் (அப்போது சத்யம் இன்ஃபோவே) தொடர்ந்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வர்த்தகப் பெயருக்கு உள்ளது போன்ற சட்டப் பாதுகாப்பு உண்டு என 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'டாட் இன்' முகவரிகளுக்கு நிக்ஸியிடம் முறையிட்டால் நடுவர் ஒருவர் விசாரிப்பார். அங்கே மூன்றைக் காட்ட வேண்டும்: அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு, எதிர்த்தரப்புக்கு நியாயமான உரிமை இல்லை, அவர் கெட்ட எண்ணத்துடன் அதைப் பதிந்தார் அல்லது பயன்படுத்தினார்.

முதலாவதை நிரூபிக்க டிரேட்மார்க் பதிவு பெரிய பலம். தனிநபர்கள், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான்.

டிசைன் கூட நம்மளுது இல்லையா?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வெளியிலிருந்து வேலை செய்துகொடுக்கும் ஃப்ரீலான்ஸர் உருவாக்கும் டிசைனுக்கும் கோடிங்குக்கும், எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராத வரை, பொதுவாக அவரே முதல் உரிமையாளர். எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் அந்த உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஆகவே, கொட்டேஷனோடு ஒரு பக்க ஒப்பந்தமும் போட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. 'முழுப் பணம் கைக்கு வந்ததும் டிசைன், கோடிங் உரிமைகள் நிரந்தரமாகக் கடைக்கு மாறும்' என்ற வரி அதில் இருக்கட்டும்.

சரி, அப்போ என்னதான் செய்யணும்?

* பெயர்: போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக டைப் செய்ய வேண்டும். பெயரில் 'ழ' வந்தால் ஒருவர் 'இசட் ஹெச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். முடிந்தால் இரண்டு ஸ்பெல்லிங்கையும் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

* அக்கவுன்ட்: ரெஜிஸ்ட்ரார் தளத்தில் கடை உரிமையாளரே கணக்கு தொடங்கட்டும். ரெஜிஸ்ட்ரன்ட் இடத்தில் கடை அல்லது உரிமையாளர் பெயர், அவருடைய போன் நம்பர். டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம்.

* மெயில் ஐடி: அதே டொமைனில் உள்ள மெயிலை இங்கே கொடுக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், எச்சரிக்கை உங்களுக்கு வந்தே சேராது. தனியாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்து, இரட்டைப் பாதுகாப்பு லாகினை ஆன் செய்துவிடுங்கள்.

* செலவு: சாதாரண முகவரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கேளுங்கள்.

* எஸ்எஸ்எல்: 2018 ஜூலை முதல், இது இல்லாத தளங்களை குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' போன்ற அமைப்புகள் இதை இலவசமாகவே தருகின்றன. தனியாகப் பெரிய தொகை கேட்டால், எதற்கு என்று விசாரிக்கலாம்.

* மற்ற சாவிகள்: கூகுள் பிசினஸ் புரொஃபைலில் முதன்மை உரிமையாளர் நீங்கள், ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி மட்டும். பேமென்ட் கேட்வே கணக்கு கடையின் பான், கடையின் வங்கிக் கணக்கில்.

விற்பனையும் செய்யப் போறீங்களா?

சொந்தத் தளத்தில் ஆர்டர் எடுத்தால், 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள் பொருந்தும். சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், ரீஃபண்ட் விதிமுறை, குறைதீர் அதிகாரி பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கங்கள் இல்லாமல் பேமென்ட் கேட்வே அனுமதியும் பெரும்பாலும் கிடைக்காது.

வரி விதிக்கத்தக்க பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பரைச் சேகரிப்பவர்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

ஏற்கெனவே வெப்சைட் வெச்சிருக்கீங்களா?

நிக்ஸி அல்லது ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியைத் தட்டினால் ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதி தேதி எது என்று தெரியும். உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். அதனால் உறுதியான சோதனை ஒன்றுதான்: யாருக்கும் போன் செய்யாமல், ரெஜிஸ்ட்ரார் தளத்தில் உங்களால் லாகின் செய்ய முடிகிறதா?

முடியவில்லை என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். டெவலப்பரிடம், "தம்பி, டொமைனை என் அக்கவுன்ட்டுக்கு மாத்திக் கொடுத்துடுங்க, மெயின்டனன்ஸ் நீங்களே பாருங்க" என்று கேட்டாலே பெரும்பாலும் வேலை முடியும். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் என்றால் அக்கவுன்ட் மாற்றம் போதும். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு என்றால் 'ஆத் கோட்' எனும் ரகசிய எண்ணை வாங்க வேண்டும். புதிதாகப் பதிந்த அல்லது சமீபத்தில் இடம் மாறிய டொமைன் என்றால் 60 நாள் காத்திருக்க வேண்டியிருக்கலாம். காலாவதிக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கும்போதே, இருவருக்கும் உறவு நன்றாக இருக்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.