யூரியா இழப்பும் மண்ணிலுள்ள நொதியும்

தாம்பரம் அருகே படப்பை, மணிமங்கலம் பகுதி நெல் விவசாயிகளே! யூரியாவுக்கும் அதைத் தயாரிக்கும் எரிவாயுவுக்கும் நாம் வெளிநாடுகளையும் நம்பியிருக்கிறோம். அங்கே சிக்கல் வந்தால் இங்கே தட்டுப்பாடு. வாங்கிய உரமும் வீணாகலாமா?

45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து உள்ளது. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது. நொதி தான் செலவாகாமல் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும். சில நாட்களிலேயே வேலை முடிந்துவிடும். தேங்கிய நீரில் தூவினால் அம்மோனியாவில் ஒரு பகுதி காற்றில் போய்விடும். 2015இல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு, அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத்தான் முக்கியமாகத் தாமதப்படுத்தும்.

எனவே களை எடுத்து, நீரை வடித்து, பல தவணையாகப் பிரித்து இடுங்கள். கோனோவீடர் ஓட்டி மண்ணில் கலந்துவிட்டு, பிறகு நீர் கட்டுங்கள்.