கில்ரே வரையாத முகம்

ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே 1799இல் வெளியிட்ட ‘கவுட்’ என்னும் சித்திரத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வீங்கிய ஒரு பாதம். அதன்மேல் கறுத்த குட்டிப் பிசாசு ஒன்று பற்களையும் நகங்களையும் பதித்திருக்கிறது. வலியை இதைவிடச் சுருக்கமாக வரைய முடியாது. ஆனால் பாதத்துக்கு உரியவரின் முகம் அதில் இல்லை. இந்நோயைப் பற்றிய எழுத்துகளிலும் அந்த முகம் பெரும்பாலும் விடுபட்டே போயிருக்கிறது என்பது நம் எண்ணம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1780 அக்டோபரில், பாரிஸை அடுத்த பாஸியில் இருந்தபோது எழுதிய உரையாடலை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் அவர் வலியில் துடிக்க, கவுட் ஒரு சீமாட்டியாக வந்து அவருடைய சாப்பாட்டையும் சதுரங்கத்தையும் வண்டிச் சவாரியையும் சொல்லிக்காட்டிக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள். தம்மையே கேலி செய்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. நாமும் சிரித்தபடிதான் படித்தோம். ஆயினும் நோய் நீதிபதி, நோயாளி குற்றவாளி என்ற ஏற்பாடு பிராங்க்ளினோடு முடிந்துவிடவில்லை. ‘அரசர்களின் நோய்’ என்ற பட்டமும் அதற்குத் துணைபோயிற்று.

இன்று நாம் அறிந்திருப்பது வேறு. இரத்தத்தில் மிகும் யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. பெரும்பாலோரிடம் காரணம், சிறுநீரகம் அதைப் போதிய அளவு வெளியேற்றாமையே. பரம்பரைக்கு அதில் பெரும் பங்குண்டு. மதுவும் இறைச்சியும் வலியைக் கிளப்பக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் கஞ்சி குடிப்பவருக்கும் இது வரும்.

முகம் தெரியும்படி எழுதியவர், பல ஆண்டுகள் இதனால் அவதிப்பட்ட மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம். போர்வையின் பாரத்தைக்கூட, அறையில் ஒருவர் நடக்கும் அதிர்வைக்கூடத் தாங்க இயலாத இரவை 1683இல் அவர் பதிவு செய்தார். நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க இன்று பயன்படும் எஸ்எஃப்-36 வினாத்தாளோ, வலியைக் குறித்துக் கடந்த 4 வாரங்களை மட்டுமே கேட்கிறது. அந்த 4 வாரங்களில் வலி வராதிருந்தால் அவர் நலமுடையவர்! அடுத்தது எந்த இரவில் என்ற காத்திருப்பு, தள்ளிவைத்த பயணம், மணவிழாவில் செருப்போடு உட்கார்ந்திருக்க நேர்ந்த கூச்சம், ‘நல்ல சாப்பாடோ?’ என்ற நண்பர்களின் சிரிப்பு ஆகியவற்றுக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

இந்தச் சிரிப்பைத்தான் நாம் அற்பமாகக் கருதவில்லை. அலோபுரினால் 1966 முதல் அமெரிக்காவில் மருந்தாக இருந்துவருகிறது, விலையும் அதிகமில்லை. யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் படிகங்கள் மெல்லக் கரையும். தொடக்க மாதங்களில் வலி மீண்டும் வரக்கூடும் என்பதால் பொறுமையும் வேண்டும். ஆனால் தன் நாக்குதான் குற்றவாளி என்று நம்பவைக்கப்பட்டவருக்கு மாத்திரை என்பது தண்டனையிலிருந்து தப்பிக்கும் குறுக்குவழி. வாயைக் கட்டினால் போதாதா என்று வீட்டாரும் சொல்கிறார்கள். வலி நின்றதும் மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. படிகங்கள் மூட்டிலேயே இருக்கின்றன.