கதவைத் தட்டுவது யார்?

2008 நவம்பர் 26 இரவு. மும்பை தாஜ்மகால் பேலஸ் ஓட்டலின் ஆறாவது மாடி அறை ஒன்றில், வேலை விஷயமாக வந்து தங்கியிருந்த ஒரு மூத்த வங்கியாளர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழ்த்தளத்தில் துப்பாக்கிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. "ரூம் சர்வீஸ்" என்றது ஒரு குரல். அவர் திறக்கவில்லை. அடுத்து, "ஷூ பாலிஷ்." அதற்கும் திறக்கவில்லை. வெளியே நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. பூட்டைச் சுட்டு உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அடித்துக் கட்டிப்போட்டு யார் நீ என்று கேட்டார்கள். தான் ஓர் ஆசிரியர் என்றார். இவ்வளவு வாடகை கொடுத்து ஆசிரியர் இங்கே தங்க முடியுமா என்று அவர்கள் நம்பவில்லை. அவர் பெயர் செல்பேசி வழியாகப் பாகிஸ்தானில் இருந்த தாக்குதல் சூத்திரதாரிகளுக்குப் போனது. அவர்கள் இணையத்தில் தேடிப் படத்தை எடுத்து, முன்வழுக்கை உண்டா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார்கள். ஓட்டலில் பரவிய தீயும் புகையும் தந்த இடைவெளியில்தான் அவர் உயிர் தப்பினார்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது ஒன்றுதான். அந்த மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை. கதவைப் பூட்டினார், குரலை நம்பவில்லை, அடையாளத்தை மறைத்தார். பயங்கரவாதத் தாக்குதலின்போது ஓட்டல் அறையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்வதெல்லாம் அவர் செய்ததுதான். அத்தனையும் செய்தும் பிடிபட்டார். ஒளிந்திருப்பவரின் உயிர் அவருடைய சமயோசிதத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அவர் எங்கே இருக்கிறார் என்று அறிந்தவர்களிடம் இருக்கிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர நிர்வாகம் 2012இல் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடு, ஒளி, முடியாவிட்டால் போராடு என்பது அதன் சுருக்கம். பிரிட்டன் போலீஸ் அதையே ஓடு, ஒளி, தகவல் சொல் என்று மாற்றிக்கொண்டது. இரண்டுமே நல்ல அறிவுரைதான். ஆனால் ஒரு பள்ளியிலோ கடைத்தெருவிலோ ஒற்றை ஆள் துப்பாக்கியோடு புகுந்து, சில நிமிடங்களில் முடிந்துவிடும் தாக்குதலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. மும்பைக்குக் கடல்வழியாக வந்த பத்துப் பேருக்கு அவசரம் எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நேரம். தாஜில் நான்கு பேர் ஏறக்குறைய 60 மணி நேரம் நின்று பிடித்தார்கள். கழிவறையில் 10 நிமிடம் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பது வேறு. இரண்டு இரவுகள் உட்கார்ந்திருப்பது வேறு. தண்ணீர், தூக்கம், செல்பேசியின் பேட்டரி, பக்கத்தில் இருக்கும் குழந்தையின் அழுகை எல்லாமே அப்போது பாதுகாப்புப் பிரச்சினையாகிவிடும்.

அன்றிரவு தாஜின் விருந்துக்கூடம் ஒன்றில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஓய்வுபெறும் தலைமை அதிகாரியை வழியனுப்பவும் புதியவரை வரவேற்கவும் நிர்வாகிகள் பலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். விருந்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் 24 வயதுப் பெண். முதல் சத்தத்தை வெளியே ஏதோ கல்யாணப் பட்டாசு என்றுதான் பலர் நினைத்தார்கள். அந்தப் பெண் கதவுகளைப் பூட்டி, விளக்குகளை அணைத்து, எல்லோரையும் மேசைகளுக்கு அடியில் சத்தமின்றிப் படுக்கச் சொன்னார். செல்பேசிகளை உபயோகிக்க வேண்டாம் என்றார். கணவனும் மனைவியும் தனித்தனியே இருக்கட்டும் என்றும் சொன்னாராம். ஒரு குடும்பம் மொத்தமாகப் போய்விடக் கூடாது என்ற கணக்கு. அவரும் சக ஊழியர்களும் இரவு முழுக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். காலையில் தீயணைப்பு வீரர்கள் ஜன்னல் வழியே அவர்களை இறக்கினார்கள்.

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ரோஹித் தேஷ்பாண்டே இதையெல்லாம் ஆராய்ந்து, ஊழியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்த முறைக்கு அதில் பங்குண்டு என்று காட்டினார். அவர் எழுதியவற்றில் என்னை நிறுத்தியது தொலைபேசி ஆபரேட்டர்களின் கதை. வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட பிறகு அவர்கள் திரும்பவும் ஓட்டலுக்குள் வந்தார்கள். ஒவ்வோர் அறைக்கும் கூப்பிட்டு, கதவைத் திறக்காதீர்கள், விளக்கை அணையுங்கள் என்று சொல்ல யாராவது வேண்டுமே என்பதற்காக. நட்சத்திர ஓட்டல் என்றதும் நாம் நினைப்பது லாபியின் சரவிளக்கையும் காலை பஃபேயையும்தான். அன்று அந்தக் கட்டடத்தில் மிக விலை உயர்ந்த பொருள் ஸ்விட்ச்போர்டுதான் என்று தோன்றுகிறது.

அதே இரவில் வேறொரு தகவலும் வெளியே போனது, நேர் எதிரான விளைவோடு. உணவகங்களில் இருந்தவர்களை ஊழியர்கள் சமையல்கூடம் வழியாக 'சேம்பர்ஸ்' என்ற உறுப்பினர் மன்றத்துக்கு அழைத்துப்போய் வைத்திருந்தார்கள். 200 பேருக்கும் மேல். வெளியில் தெரியாத இடம், பாதுகாப்பாகவே இருந்தது. உள்ளே இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தொலைக்காட்சிக்குத் தொலைபேசியில் பேட்டி கொடுத்தார். எங்கே, எத்தனை பேர் என்பதும் அதில் வந்துவிட்டது. அந்தச் சேனல்களைக் கராச்சியில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னிரவில் விருந்தினர்களைச் சமையல்கூடம் வழியே வெளியேற்றத் தொடங்கியபோது துப்பாக்கிகள் அங்கே வந்து சேர்ந்தன. ஊழியர்கள் விருந்தினருக்கு முன்னால் அரணாக நின்றார்கள். சமையற்கலைஞர்கள் பலர் அங்கேயே விழுந்தார்கள். பேட்டியால்தான் இது நடந்தது என்று ஒற்றை வரியில் முடிச்சுப்போட நான் தயாரில்லை. ஆனால் ஒளிவிடம் என்பது பிறருக்குத் தெரியாதவரைதான் ஒளிவிடம்.

2012 ஆகஸ்டில், மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் மரண தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், நேரலை ஒளிபரப்பு பாதுகாப்புப் படையினரின் வேலையைக் கடினமாக்கியதோடு அவர்கள் உயிருக்கும் ஆபத்தாக முடிந்தது என்று கடுமையாகச் சாடியது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது. நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே ஒளிபரப்பலாம். நல்ல விதிதான், ஏழு வருடம் தாமதம் என்றாலும். ஆனால் அந்த விதி கட்டுப்படுத்துவது சேனல்களை. இன்று எதிர்க்கட்டட மாடியில் நிற்கும் பையனின் கையிலும் நேரலை இருக்கிறது. அறைக்குள் ஒளிந்திருப்பவரின் மைத்துனர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நாலாவது மாடியில் பத்திரமாக இருக்கிறார்" என்று போடுவார். அது எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாதா?

செல்பேசியை அணைத்துவிட்டால் போதும் என்று சொல்லவும் முடியவில்லை. கென்யாவில் 2013இல் வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதல் நான்கு நாள் குழப்பமாக நீண்டது; 67 பேர் இறந்தார்கள். அதே நைரோபியில் 2019 ஜனவரியில் டுசிட் ஓட்டல் வளாகம் தாக்கப்பட்டபோது 21 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் உயிரோடு வெளியே கொண்டுவரப்பட்டார்கள். மறுநாளே எல்லாம் முடிந்தது. உள்ளே சிக்கியவர்கள் சத்தமில்லாமல் குறுஞ்செய்தியில் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது மீட்பவர்களுக்கு உதவியது. செல்பேசியின் ஒலியை அடக்கி வைத்துக்கொண்டு, மீட்கும் வேலையில் இருப்பவருக்கு மட்டும் சொல்வது ஒன்று. ஊருக்கெல்லாம் சொல்வது மற்றொன்று. இந்த வித்தியாசத்தைச் சாதாரண நாளில் பழகாதவர்கள் அந்த நாளில் பழகப் போவதில்லை.

இனி, நெருப்பு. துப்பாக்கியை விடவும் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். தாஜின் பழைய பகுதி 1903இல் திறக்கப்பட்டது, மரவேலைப்பாடு மிகுந்தது. அறைகளுக்குத் தீ வையுங்கள் என்று சூத்திரதாரிகள் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னது பதிவாகியிருக்கிறது. தீயும் புகையும் இரண்டு வேலை செய்தன: உலகத் தொலைக்காட்சிக்குக் காட்சி கொடுத்தன, ஒளிந்திருந்தவர்களை வெளியே விரட்டின. ஓட்டலின் பொது மேலாளர் கரம்பீர் காங்கின் மனைவியும் இரண்டு மகன்களும் ஆறாவது மாடியில் இருந்த தங்கள் குடியிருப்பில் தீயில் இறந்துபோனார்கள். கீழே அவர் விருந்தினர்களை மீட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை.

தீ விபத்தென்றால் அறையை விட்டு வெளியேறு என்கிறது பயிற்சி. துப்பாக்கிச் சூடென்றால் அறையை விட்டு வெளியேறாதே என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்? அறை வரைக்கும் புகை வராதபோது கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து, ஏசியை நிறுத்தி, தரையோடு தரையாகப் படுத்து, சாலைப் பக்க ஜன்னலருகே இருப்பதே மேல் என்பது அன்று தப்பியவர்களின் அனுபவம் காட்டும் பொதுவழி. பலர் ஜன்னலை உடைத்து, திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் முடிச்சுப் போட்டு இறங்கினார்கள். பலரை மும்பை தீயணைப்புத் துறை ஏணியில் இறக்கியது. இருபதாவது மாடியில், திறக்கவே முடியாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு இதில் பாதி உதவாது. அவரைக் காப்பது அறைக்கதவு எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பதும், மாடிப்படியில் புகை ஏறாதபடி காற்றழுத்தம் வைத்திருக்கிறார்களா என்பதும்தான். கட்டடம் கட்டும்போதே முடிவாகிவிடுகிற விஷயங்கள் இவை. மாட்டிக்கொண்ட இரவில் எந்தச் சாமர்த்தியத்தாலும் சேர்க்க முடியாது.

மீட்க வந்தவர்களும் கதவைத் தட்டத்தான் செய்தார்கள். தேசிய பாதுகாப்புப் படை டெல்லியிலிருந்து பறந்துவந்து மறுநாள் காலையில் தாஜுக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கான அறைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். தட்டினால் யார் திறப்பார்கள்? "ரூம் சர்வீஸ்" என்று பொய்க்குரல் கேட்ட தளத்தில், "போலீஸ்" என்ற குரலை மட்டும் எப்படி நம்புவது? உள்ளே இருப்பவர் திறக்கவில்லை. வெளியே இருப்பவருக்கு உள்ளே யார் என்று தெரியவில்லை. மாஸ்டர் சாவியோடும் ஓட்டல் ஊழியர்களோடும்தான் கமாண்டோக்கள் அறை அறையாகப் போனார்கள். ஆபரேட்டர் முதலில் அறைக்குக் கூப்பிட்டு, இப்போது வருவது நம்மவர்கள் என்று சொல்லிவிட்டு, பிறகு தட்டுவது எவ்வளவு எளிய ஏற்பாடு! அதற்கு ஸ்விட்ச்போர்டு உயிரோடு இருக்க வேண்டும், அதில் உட்கார ஓர் ஆள் வேண்டும், எந்த அறையில் யார் என்ற பட்டியல் தாக்குபவர் கையில் அகப்படாமல் மீட்பவர் கையில் இருக்க வேண்டும். கட்டடத்தின் சரியான வரைபடம்கூட அன்று படையினருக்குக் கிடைக்கவில்லை என்ற குறை பின்னர் எழுந்தது.

ஒளிந்திருப்பதற்கு வாய்ப்பே தராத தாக்குதலும் உண்டு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, கொழும்பில் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று ஓட்டல்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஓட்டல்களில் இலக்கு, காலை உணவுக்கு வந்திருந்த கூட்டம். கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே எந்தக் கதவைப் பூட்டுவது? காப்பாற்றியிருக்கக் கூடியது முன்கூட்டியே வந்த உளவுத் தகவல். இந்தியா அந்த மாதத் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாஜுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன, ஆனால் அவை முன்வாசலைப் பார்த்தே இருந்தன என்பதை ரத்தன் டாடாவே பிறகு ஒப்புக்கொண்டார்.

முன்வாசல்! நமது பதிலும் அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான் என் குறை. 2009இல் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் தேசிய பாதுகாப்புப் படையின் மையங்கள் திறக்கப்பட்டன. அது பெரிய மாற்றம். டெல்லியிலிருந்து விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, தனியார் நிறுவனங்களும் கட்டணம் செலுத்தி மத்திய தொழில் பாதுகாப்புப் படையைப் பெறலாம் என்றானது. ஓட்டல்களோ மெட்டல் டிடெக்டர் வாங்கின. காரின் டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள், வண்டிக்கு அடியில் கண்ணாடி நீட்டுகிறார்கள். கல்யாண சீசனில் அந்த டிடெக்டர் கத்திக்கொண்டே இருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2017 மே மாதம் மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பில் இறந்த மார்ட்டின் ஹெட்டின் தாய் ஃபிகன் மரே, பொது இடங்களின் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 2025 ஏப்ரலில் அது சட்டமானது. மகனின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்களை நடத்துவோர், மக்களை எப்படி வெளியேற்றுவது, வெளியே ஆபத்தென்றால் எப்படி உள்ளே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது, கதவுகளை எப்படி அடைப்பது, தகவலை எப்படிச் சொல்வது ஆகிய நான்குக்கும் நடைமுறை வைத்திருக்க வேண்டும். 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் கடமைகள். நடைமுறைக்கு வரக் குறைந்தது இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நான்கில் மூன்று, தாஜ் ஊழியர்கள் அன்றிரவு உத்தரவில்லாமல் தாமாகவே செய்தவை என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய வீரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் திரைப்படமே வந்துவிட்டது. அந்த வீரத்தை அடுத்த ஓட்டலின் இரவு ஷிஃப்டுக்கு வேலைக்குறிப்பாக எழுதிக்கொடுக்கும் காரியம்தான் பாக்கி.

சில மாதங்களுக்கு முன் ஒரு நகரத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் தங்கினேன். கதவின் உட்புறம் தீ விபத்து வரைபடம் ஒட்டியிருந்தது. நான் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அங்கிருந்து பின்பக்கப் படிக்கட்டுக்கு அம்புக்குறி. அம்பைப் பிடித்துக்கொண்டு போனேன். படிக்கட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வரவேற்பில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். "அது ஸ்டாஃப் மட்டும் போற வழி சார். சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கும்" என்றார். செக்யூரிட்டி எங்கே என்றேன்.

"முன்வாசல்ல இருப்பாரு சார்."