கையேட்டை யார் எழுத வேண்டும்?

சென்ற ஆண்டு, மருந்தகத்தில் முன்பதிவு செய்ய உதவும் செயலி ஒன்றை என் அம்மாவின் திறன்பேசியில் பதிவிறக்கிக் கொடுத்தேன். 'கணக்கை உறுதிசெய்த பின் உள்ளே நுழையவும்' என்று அதன் பயனர் கையேடு தொடங்கியது. "என் வங்கிக் கணக்கையா கேட்கிறார்கள்?" என்று அம்மா பயந்துபோனார். செயலியை மூடிவிட்டு, மறுநாள் காலையில் நேரில் சென்று வரிசையில் நின்றார். அவருக்கு வயது எழுபத்திரண்டு.

மென்பொருளை உருவாக்கியவரே அதன் கையேட்டையும் எழுத வேண்டும் என்று பலர் கூறுவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டை அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதினர். தங்கள் நிரல்களில் உள்ள குறைகளைக் கூற, 'பிழைகள்' என்றே ஒரு பகுதியை அதில் ஒதுக்கினர். உருவாக்கியவரைத் தவிர வேறு யாரால் அவ்வளவு வெளிப்படையாக எழுத முடியும்? ஆனால், அதைப் படித்தவர்களும் பெரும்பாலும் கணினி வல்லுநர்களே.

என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அது போதாது. ஒரு வேலையில் கைதேர்ந்தவருக்கு அதன் முதல் படி மறந்துபோகிறது. அண்மையில் கற்றவருக்கோ தாம் தடுமாறிய இடமெல்லாம் நினைவிருக்கும். ஹார்வர்டு மார்க் 1 என்ற கணினியை வடிவமைத்தவர் ஹோவர்ட் ஐக்கன். கட்டியவர்கள் ஐபிஎம் பொறியாளர்கள். ஆயினும், 1946இல் வெளியான அதன் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவர் கிரேஸ் ஹாப்பர். கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1944இல் அங்குச் சென்ற பிறகே அந்த இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்டார். கையேடு 500 பக்கங்களைத் தாண்டியது!

ஆகவே, புதிதாகக் கற்றவர் எழுதட்டும். உருவாக்கியவர் தவறுகளைத் திருத்தட்டும் என்பதே என் கருத்து. தமிழ்க் கையேடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். செயலியைத் திறந்தே பார்க்காமல் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால், திரையில் 'சமர்ப்பி' என்றிருக்கும் பொத்தானைக் கையேடு 'அனுப்பு' என்று அழைக்கும். பயனர் எந்தப் பொத்தானைத் தேடுவார்? இருவர் சேர்ந்து எழுதினால் நேரமும் செலவும் கூடும் என்பது உண்மைதான். எனினும், வரிசையில் நிற்கும் முதியோரின் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தேன். அம்மா ஒவ்வொரு படியையும் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் தம் சொற்களில் எழுதிக்கொண்டார். 'கணக்கு என்றால் நம் பெயரும் கடவுச்சொல்லும்தான், பணம் இல்லை' என்பது அதன் முதல் வரி. எங்கள் மாடியில் இப்போது மூன்று வீடுகளில் அந்தத் தாளின் நகல் இருக்கிறது.