கிரிப்டோ பெயரில் நன்கொடைத் திட்டங்கள்

பணம் ரூபாயிலோ டாலரிலோ வருகிறது, வங்கிக் கணக்கில் இருக்கிறது, வங்கி வழியாகவே செலவாகிறது. ஆனால் விளம்பரத்தில் மட்டும் பிட்காயின், பிளாக்செயின், டோக்கன் என்ற பெயர்கள். அறப்பணித் துறையில் இத்தகைய திட்டங்கள் கடந்த பத்தாண்டில் பல நாடுகளில் தோன்றியிருக்கின்றன. அந்தப் பெயர் நன்கொடையாளருக்கு மூன்று நம்பிக்கைகளைத் தருகிறது: இது புதியது, எல்லை கடந்து நொடியில் சேரும், கணக்கை யாரும் திருத்த முடியாது. ஆடிட்டர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது மூன்றாவதைப் பற்றித்தான். கணக்கைத் திருத்தவே முடியாது என்று நம்பியவர், கணக்கைக் காட்டு என்று கேட்பதில்லை.

வெறும் பெயருக்கு எவ்வளவு விலை உண்டு என்பதை வணிக உலகம் ஒரே நாளில் காட்டிவிட்டது. அமெரிக்காவில் ஐஸ் டீ விற்றுவந்த லாங் ஐலேண்டு ஐஸ்டு டீ நிறுவனம் 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றப்போவதாக அறிவித்தது. அன்றே அதன் பங்கு விலை பல மடங்கு ஏறியது. மறு ஆண்டு நாஸ்டாக் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதன் பதிவையே ரத்து செய்தது. பங்குச் சந்தையில் இத்தகைய பெயர் மாற்றத்தை விலைப்பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். நன்கொடைக்கு அப்படி ஒரு விலைப்பட்டியல் கிடையாது.

அறத்தையும் கிரிப்டோவையும் ஒருசேர முகமூடியாக்கியதில் முதலிடம் எம்எம்எம் அமைப்புக்கே. ரஷ்யாவில் 1994-இல் இடிந்து விழுந்த பிரமிடுத் திட்டத்தின் சூத்திரதாரி செர்கெய் மாவ்ரோடி, சிறைத் தண்டனை முடிந்து வெளியே வந்தபின் 2011-இல் அதே பெயரில் மறுபடி தொடங்கினார். இந்த முறை முதலீடு, வட்டி என்ற பேச்சே இல்லை. உறுப்பினர் போடும் பணம் ‘உதவி வழங்குதல்’, திரும்ப எடுக்கும் பணம் ‘உதவி பெறுதல்’, மொத்த அமைப்பும் சாமானியர்களின் பரஸ்பர உதவிச் சங்கம். உதவியின் அளவு ‘மாவ்ரோ’ என்ற அலகில் குறிக்கப்பட்டது. பிட்காயினுக்கு இருப்பது போன்ற பொதுப் பேரேடோ திறந்த சந்தையோ அதற்கு இல்லை. அமைப்பின் கணினியில் ஏறி இறங்கும் ஓர் எண், அவ்வளவுதான். அமைப்பு பின்னர் பரவிய நைஜீரியாவில் மாதம் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். பிட்காயின் வழியாக வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வாக்குறுதி தரப்பட்டது.

இங்கே பிட்காயின் முற்றிலும் பொய்யல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சீனாவில் பலர் எம்எம்எம்மில் சேரவே பிட்காயின் வாங்கினார்கள். 2015 அக்டோபர், நவம்பரில் பிட்காயின் விலை திடீரென ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அன்றைய நிதி இதழ்கள் எழுதின. ஆனால் பிட்காயின் பணம் வந்துபோகும் பாதையாக மட்டுமே இருந்தது. கூடுதல் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. புதிதாகச் சேர்பவரின் பணம்தான் பழையவருக்குப் போனது. நைஜீரியாவில் 2016 டிசம்பரில், கிறிஸ்துமஸ் செலவுக்குப் பணம் தேவைப்படும் நேரத்தில், கணக்குகள் முடக்கப்பட்டன. அந்நாட்டு மத்திய வங்கி அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை ஏழைகளின் உதவிக்கு வங்கிகள் போடும் முட்டுக்கட்டை என்று அமைப்பின் ஆதரவாளர்கள் திருப்பிப்போட முடிந்தது. அறம் என்ற போர்வை பயன்படும் இடம் அதுவே.

ஒன்காயின் இன்னும் அப்பட்டமானது. 2014-இல் பல்கேரியாவை மையமாகக் கொண்டு தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாணயமே இல்லை, மெய்யான பிளாக்செயினும் இல்லை. ‘கல்வித் தொகுப்பு’களை வாங்கினால் நாணயம் உருவாகும் என்றார்கள். குழந்தைகள் நலனுக்கென்று ஒன் வேர்ல்டு ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையும் கூடவே நடத்தினார்கள். ஏமாந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர், தொகை 400 கோடி டாலருக்கு மேல் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கு. நிறுவனர் ருஜா இக்னடோவா 2017 அக்டோபரில் தலைமறைவானார். கூட்டாளி கார்ல் கிரீன்வுட் 2023-இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2021 ஜூனில் வந்த ‘சேவ் தி கிட்ஸ்’ டோக்கன் இதற்கு நேர்மாறு. அதில் நாணயம் மெய், கடன் வாங்கப்பட்டது குழந்தைகள் நலனின் பெயர். இணையப் பிரபலங்கள் விளம்பரம் செய்த அந்த டோக்கன், வெளிவந்த சில நாட்களிலேயே சரிந்தது.

மோசடி எதுவுமின்றியும் கிரிப்டோ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2017-இல் ஜோர்டானின் அஸ்ராக் முகாமில் பில்டிங் பிளாக்ஸ் என்ற முறையைத் தொடங்கியது. சிரிய அகதிகள் 10,000 பேர், முகாமின் கடையில் கருவிழியைக் காட்டி உணவுப்பொருள் வாங்கினார்கள். கிரிப்டோவில் அகதிகளுக்கு உதவி என்று செய்திகள் பறந்தன. உண்மையில் எந்த அகதியின் கையிலும் கிரிப்டோ இல்லை. கணக்கில் இருந்தது ஜோர்டானிய தினார், கடைக்காரருக்குப் போனது வங்கிப் பணம். ஈத்தரியம் மென்பொருளைத் தழுவிய அந்தப் பேரேடு வெளியார் நுழைய முடியாதது, தொடக்கத்தில் ஒரே அமைப்பின் கையில் இருந்தது. வங்கிக் கட்டணம் 98 சதவீதம் குறைந்ததாக அமைப்பு சொன்னது. ஆனால் ஒவ்வொரு அகதிக்கும் தனிக்கணக்கு வைக்காமல், கடைகளுக்கு மொத்தமாகப் பணம் தீர்த்ததில் வந்த சேமிப்பு அது. சாதாரணத் தரவுத்தளத்தை வைத்தும் அதைச் செய்திருக்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் அதன் நன்மையைத் தவறான பெயரில் வரவு வைத்ததால், பின்னால் வந்த எத்தனையோ விண்ணப்பங்களுக்கு அது முன்னுதாரணமாகிவிட்டது.

மெய்யாகவே நாணயம் கைமாறிய அறப்பணிகளும் உண்டு, அவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல. 2014-இல் கென்யாவின் டானா ஆற்றுப் பகுதியில் குடிநீர் வசதிக்காக டோஜ்காயின் ஆர்வலர்கள் சுமார் 30,000 டாலர் மதிப்புள்ள நாணயங்களைத் திரட்டினார்கள். 2017 டிசம்பரில் பெயர் சொல்லாத ஒருவர் பைனாப்பிள் ஃபண்டு என்ற பெயரில் 5,057 பிட்காயின்களை ஒதுக்கி, 60 அறநிறுவனங்களுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்தார். யுனிசெஃப் 2019 அக்டோபரில் தொடங்கிய நிதியம், பிட்காயினையும் ஈத்தரையும் நாணயமாகவே வாங்கி நாணயமாகவே கொடுக்கிறது. இவற்றில் வாலட் முகவரி உண்டு, பொதுப் பேரேட்டில் தேதியும் அளவும் உண்டு, நாணயத்தை விற்றிருந்தால் விற்ற விலை உண்டு. இந்தத் தடயம் இல்லாத இடத்தில் மிஞ்சுவது பெயர் மட்டுமே.

இந்திய ஆடிட்டருக்குச் சட்டமே பாதி வேலையைச் செய்து தந்திருக்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தந்த கழிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான், பொருளாகக் கொடுத்ததற்கு இல்லை. ஆகவே கிரிப்டோ வாங்கிக்கொண்டு 80ஜி ரசீது தருவதாகச் சொல்லும் அறக்கட்டளை, ஒன்று கிரிப்டோ வாங்கவில்லை, அல்லது தவறான ரசீது தருகிறது. அறக்கட்டளை நிதியை எவற்றில் வைக்கலாம் என்று அதே சட்டத்தின் 11(5) பிரிவு தந்த பட்டியலில் கிரிப்டோ இல்லை. வெளிநாட்டுக் கொடை என்றால் டெல்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் குறிப்பிட்ட கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். 2021 மே மாதம் ஈத்தரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின், இந்தியாவின் கொரோனா நிவாரணத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள ஷிபா இனு டோக்கன்களை அனுப்பினார். நாணயம் மெய்யாக வந்தும், அந்நியக் கொடை விதிகளுக்குள் அதைச் செலவிடுவது நிவாரணக் குழுவுக்குப் பெரும் பாடாயிற்று. மறு ஆண்டு 10 கோடி டாலர் அவரிடமே திரும்பிப் போனது.

எம்எம்எம் வகைத் திட்டத்துக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆள் சேர்ப்பதைப் பொறுத்து எளிதில் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டும் ஏற்பாட்டை 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. அதை உதவி என்று அழைத்தாலும் மாவ்ரோ என்று அழைத்தாலும் அந்த வரையறைக்குள்தான் வரும்.

நடைமுறையில், திட்ட அறிக்கையிலிருந்து கிரிப்டோ என்ற சொல்லை அடித்துவிட்டு மறுபடி படித்துப் பார்க்கலாம். பணம் வரும் வழியும் போகும் வழியும் மாறவில்லையென்றால், அது வழக்கமான நன்கொடைத் திட்டம். வழக்கமான தணிக்கையே அதற்குப் போதும், முழுமையாகச் செய்தால். வாலட் முகவரி கேட்டபோது விளக்கப்படமும் கருத்தரங்கப் புகைப்படமும் தருகிற அமைப்பின் கணக்குக்குத் தகுதிக்குறிப்பு இல்லாத சான்று தரக் கூடாது.