சம்பந்தன் விட்டுச்சென்ற கேள்வி

திருகோணமலையின் மூத்த அரசியல் தலைவர் இரா. சம்பந்தன் 2024 ஜூன் 30 ஆம் திகதி தமது 91 ஆவது வயதில் காலமானார். அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் உளர். ஆயினும், தலைமைத்துவம் பற்றிய அவரது நோக்கை நிதானமாக எடைபோடுவது அவசியமாகும்.

1977 இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்ற அவர், 1983 இல் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்து ஆசனத்தை இழந்தார். 2018 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அதே அரசியலமைப்பைக் காக்க உயர் நீதிமன்றம் சென்றோரில் அவரும் ஒருவர். கலைப்பு செல்லாது என்ற டிசம்பர் 13 ஆம் திகதித் தீர்ப்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பிரிக்கப்படாத நாட்டுக்குள் அதிகாரப் பகிர்வு என்ற தமது நிலைப்பாட்டைப் பெரும்பான்மைச் சமூகம் நம்ப வேண்டுமாயின், நாட்டின் சட்டத்தைத் தமிழர் மதிப்பதைச் செயலில் காட்ட வேண்டும் என்பதே அவரது அணுகுமுறையாக இருந்தது.

கிழக்கில் அந்த அணுகுமுறை வேறொரு வடிவம் பெற்றது. 2012 மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11 ஆசனங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. முதலமைச்சர் பதவியை விட்டுத்தரக் கூட்டமைப்பு முன்வந்தும் காங்கிரஸ் அன்றைய ஆளுந்தரப்புடன் இணைந்தது. 2015 இல் அப்பதவி காங்கிரசுக்குக் கிடைத்தபோது, தம்மவரின் அதிருப்திக்கு மத்தியிலும் கூட்டமைப்பு அந்த நிர்வாகத்தில் பங்கேற்றது. 2006 இல் சம்பூர்த் தமிழரும் மூதூர் முஸ்லிம்களும் ஒரே போரினால் இடம்பெயர்ந்த மாவட்டத்தில், ஆசனக் கணக்கைவிட அயலவரின் நம்பிக்கையே பெரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. 2016 க்குள் தீர்வு கிட்டும் என அவர் ஊட்டிய நம்பிக்கை பொய்த்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவியில் மூன்றாண்டுகள் இருந்தும் புதிய அரசியலமைப்பு நிறைவேறவில்லை. முதுமையிலும் ஆசனத்தைக் கைவிடாத அவர், அடுத்த தலைமுறைக்கு உரிய வேளையில் வழிவிடவில்லை. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு அவரது திருகோணமலையிலேயே நடைபெற்று, பின்னர் நீதிமன்றப் படியேறியது. விட்டுக்கொடுப்பை அயலவரிடம் காட்டிய கட்சியால் அதனைத் தன் வீட்டினுள் காட்ட முடியவில்லை.

2017 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு, அவர் கண்மூடும்வரை தேர்தல் நடைபெறவில்லை. சபையின்றி ஆளுநரின் கையில் மாகாணம் இருப்பதால் இழப்பது தமிழர் மட்டுமல்லர், முஸ்லிம்களும்தான். முதலமைச்சர் யார் என்ற போட்டிக்கு முன்னர், சபை வேண்டும் என்ற குரல் இரு சமூகங்களிடமிருந்தும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். அது எழாதது ஏன் என்பதே சம்பந்தன் விட்டுச்சென்ற கேள்வி. தமிழ்த் தலைமைகளும் முஸ்லிம் தலைமைகளும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளன.