சீட்டு ஜன்னலும் சுயமரியாதையும்

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. கோவில் பூசாரி இடங்கொடுக்காவிட்டால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்பது நமது அபிப்பிராயம். தேங்காய், பழம், சூடச் செலவாவது மிச்சமாகும். ஆனால் இன்று அதே பூசாரி ஆஸ்பத்திரி வாசலிலும் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கின்றான். அங்கு அவன் இடங்கொடுக்காவிட்டால் நஷ்டமாவது மனிதனுடைய உயிராகும். ஆகவேதான் இதைப்பற்றி எழுத வேண்டியது அவசியமாயிற்று.

நாம் சொல்லுவது சர்க்கார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகின்ற ஜன்னலையும், தனியார் ஆஸ்பத்திரியில் "ரிசப்ஷன்" என்று சொல்லப்படும் மேஜையையும் பற்றியேயாகும். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் நோயாளி பார்க்க வேண்டியது அந்த முகத்தைத்தான்.

நமக்கு நேரிட்ட ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பேயோட்டும் புரட்டைப்பற்றிப் பேசினோம். கூட்டம் கலைந்தபின் கூலிவேலை செய்யும் ஓர் அம்மாள் தன் பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குக் காக்காய் வலிப்பு. "இது பேயுமல்ல, பிசாசுமல்ல, மூளையில் ஏற்படுகின்ற ஒரு கோளாறு. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பில்லாமல் வாழலாமென்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கின்றது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று தைரியமாய்ச் சொல்லி அனுப்பினோம்.

அந்த அம்மாளும் நம் பேச்சை நம்பி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போய், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கின்றார். ஜன்னலில் கிடைத்த வைத்தியம் இதுதான்: "என்னவாம்? சத்தமாச் சொல்லு. வலிப்பா? நரம்பு டாக்டர் செவ்வாய்க்கிழமைதான். போர்டு போட்டிருக்குல்ல, கண்ணு தெரியாதா? படிக்கத் தெரியலைன்னா படிச்சவங்களைக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே? தள்ளு, அடுத்த ஆள் வா."

அடுத்த வாரம் நாம் அவ்வூருக்குப் போனபோது பையன் கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. நமக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு சொல்லியும் கோடாங்கியிடம் போனீர்களே, இது நியாயமா?" என்று கேட்டோம். அந்த அம்மாள் அமைதியாகச் சொன்ன பதிலாவது: "ஐயா, கோடாங்கி எங்களை உட்காரச் சொன்னாரு. பையன் பேரு கேட்டாரு. தலையைத் தொட்டுப் பார்த்தாரு. நீங்க சொன்ன இடத்துல எங்க மூஞ்சியைக்கூட யாரும் பார்க்கலை."

தோழர்களே! இதற்கு நம்மிடம் பதில் இல்லை. வெட்கந்தான் இருந்தது. கோடாங்கி மோசக்காரன் என்பதில் நமக்கு எவ்வித சந்தேகமும் இல்லை. அவன் கயிற்றுக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. ஆனால் வந்தவரை உட்காரச் சொல்ல வேண்டும் என்பது அந்த மோசக்காரனுக்குத் தெரிந்திருக்கின்றது. ஜனங்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரிக்குத் தெரியவில்லை. நாம் இருபது வருஷமாய் ஊரூராய்ப் பேசித் திருப்புகின்ற ஜனங்களை அந்த ஜன்னல் இரண்டு நிமிஷத்தில் கோடாங்கியிடம் திருப்பி அனுப்பிவிடுகின்றதென்றால், மூடநம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய பிரசாரகர் யார் என்று கேட்கின்றோம்.

"என்ன செய்வது? வேலை அதிகம், நாள் முழுவதும் கத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லப்படுகின்றது. வேலைத் தொந்தரவினால் வருகின்ற கோபமானால் அது ஆளைப் பார்த்து வருவானேன்? சலவை வேஷ்டியும், தங்கக் கடிகாரமும், நாலு வார்த்தை இங்கிலீஷும் கொண்டு ஒருவர் போனால் அதே வாய் "வாங்க சார், உட்காருங்க" என்கின்றதா இல்லையா? காரில் வந்தவருக்கு நாற்காலி, நடந்து வந்தவருக்கு "ஏ கிழவி, தள்ளி நில்லு" என்பதுதானே வழக்கம்? தனியார் ஆஸ்பத்திரியிலோ முதல் கேள்வி "என்ன நோய்?" என்பதல்ல, "அட்வான்ஸ் கட்டியாச்சா, இன்ஷூரன்ஸ் உண்டா?" என்பதேயாகும். ஆகவே இது களைப்பினால் வந்த கோபமல்ல. யாரை மிதித்தால் திருப்பிக் கேட்க மாட்டார் என்று கணக்குப் பார்த்து வருகின்ற கோபம். ஜாதி பார்த்து நடக்கின்ற புத்தி எதுவோ அதுதான் இங்கு உடுப்பைப் பார்த்து நடக்கின்றது.

நிற்க, அந்தச் சிப்பந்திகள்மேல் நமக்கு விரோதம் ஒன்றும் இல்லை. அவர்களில் பலர் காண்டிராக்டில் சொற்பக் கூலிக்கு வந்தவர்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே ஜன்னல். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் வசவு வாங்குவதும் அவர்களே. ஜன்னலில் இருப்பவரைத் திட்டிவிட்டு, அவரை அங்கே தனியாக உட்கார்த்தி வைத்துவிட்டு உள்ளே குளிர் அறையில் இருக்கின்ற அதிகாரியையும் முதலாளியையும் விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகாது. இன்னும் இரண்டு ஜன்னல் திறக்கவும், படிக்கத் தெரியாதவர்களுக்கு வழிசொல்ல ஓர் ஆளைப் போடவும் வேண்டியது அவர்கள் கடமை. ஆனால், தான் ஏழையாயிருப்பதால் தன்னைவிட ஏழையை அவமதிக்க ஒருவருக்கு உரிமை வந்துவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். விபத்தில் அடிபட்டுக் கிடந்த ஒருவரைப் போலீஸ் கேஸ் என்று சொல்லி ஓர் ஆஸ்பத்திரி சேர்க்க மறுத்து வேறிடத்துக்கு அனுப்ப, வழியில் அவர் இறந்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும். மற்ற சடங்குகள் பிறகுதான் என்று 1989-ம் வருஷத்தில் தீர்ப்பாயிற்று. 1992-ம் வருஷத்தில் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியைப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள் படுக்கை இல்லையென்று திருப்பி அனுப்பின. அது உயிர் வாழும் உரிமையை மறுத்ததாகும் என்று 1996-ம் வருஷத்தில் அதே கோர்ட்டு சொல்லி, ரூபாய் 25,000 நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது 1995-ம் வருஷத்திய தீர்ப்பு. நோயாளிகளின் உரிமைகள் 17 என்று 2018-ம் வருஷத்தில் தேசிய மனித உரிமை ஆணையமே ஒரு பட்டியல் தயாரித்தது. மானத்தோடும் அந்தரங்கத்தோடும் நடத்தப்படுவது அவற்றில் ஒன்று. பத்துப் பேர் காதுபட "என்ன நோய், சத்தமாச் சொல்லு" என்பது இதற்கு நேர் விரோதமல்லவா?

ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளைத் தாக்கினால் சிறை என்று 2008-ம் வருஷத்திய தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொல்லும் போர்டைப் பல ஆஸ்பத்திரிகளில் பார்க்கின்றோம். அது சரியான சட்டமே; கை நீட்டுகின்றவன் அயோக்கியனே. ஆனால் அதற்குப் பக்கத்தில் நோயாளியின் உரிமை இன்னின்னது என்று ஒரு போர்டு ஏன் இல்லை?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? கூச்சல் போடுவதல்ல. பத்தோ இருபதோ ரூபாயைச் சீட்டுக்கடியில் தள்ளுவதுமல்ல. அது அடுத்து வரும் ஏழைக்குக் குழி வெட்டுவதாகும். கைகட்டி "சாமி, தெய்வமே" என்று கெஞ்சுவது எல்லாவற்றிலும் கேவலமானது. நிமிர்ந்து நின்று, "உங்கள் பெயர் என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "முடியாது" என்றால் எந்தக் கிழமை, எந்த ஜன்னல், எந்த அறை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அவமதித்தால் தேதி, மணி, ஜன்னல் நம்பர் போட்டு, நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 104 என்ற நம்பருக்கும் சொல்லலாம். தனியாரிடத்தில் பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாய் வைத்திருங்கள். அதுவே உங்கள் ஆயுதம். உயிர் போகின்ற அவசரமானால் சீட்டு ஜன்னலில் நிற்கவே வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பகுதிக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. முன்னால் நிற்கும் ஒருவர் விரட்டப்படும்போது, வரிசை ஒரு ஆள் குறைந்ததென்று நாம் சந்தோஷப்படுகின்றோம். அந்தச் சந்தோஷம் ஒழிகின்ற வரையில் அந்த ஜன்னல் திருந்தாது. படித்த தோழர்கள் வாரத்தில் ஒரு காலை நேரமாவது முறைபோட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், படிக்கத் தெரியாதவர்களுக்குப் போர்டைப் படித்துச் சொல்லவும், மனு எழுதிக் கொடுக்கவும் வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். நூறு பிரசங்கத்தைவிட இது நல்ல பிரசாரமாகும்.

நாமும் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளோடும் பையனோடும் போனோம். நமது சட்டையையும் கண்ணாடியையும் பார்த்தவுடன் அதே ஜன்னல் "வாங்க சார்" என்றது. அந்த அம்மாள் நம்மை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நாம் மறக்கவில்லை.

பையனுக்கு இப்போது மாத்திரை ஆரம்பித்திருக்கின்றது. கறுப்புக் கயிறும் இன்னும் கையில்தான் இருக்கின்றது. அதை அறுத்தெறியச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் நம் துணையின்றித் தனியாகப் போய் நின்று, "வாங்கம்மா, உட்காருங்க" என்ற வார்த்தையை என்றைக்குக் கேட்கின்றாரோ, அன்றைக்குத்தான் நமக்கு அந்த யோக்கியதை வரும்.